சொத்தை மட்டுமா பார்க்க வேண்டும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

குழந்தைகளின் பல் நலம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை சொத்தையைப் பற்றி நிறைவாகச் சொல்லியிருந்தது. ஆனால் சொத்தையே இல்லாத வாயிலும் பல்லின் எண்ணிக்கையோ வடிவமோ பிசகியிருக்கலாம். அதைப் பெற்றோரே கண்டுபிடிக்க முடியும் என்பதால் இதை எழுதுகிறேன்.

மேல் முன்பற்கள் இரண்டும் 7, 8 வயதில் முளைப்பவை. ஒன்று முளைத்து 6 மாதமாகியும் அதன் ஜோடி வராவிட்டாலோ, நடுப்பல் இருக்க வேண்டிய இடம் காலியாகவே கிடந்து பக்கத்துப் பல் முந்திக்கொண்டாலோ, 'தானா வந்துடும்' என்று விட்டுவிடக் கூடாது. எக்ஸ்ரே எடுத்தால் எலும்புக்குள் கூம்பு வடிவத்தில் ஓர் உபரிப் பல் வழியை மறித்துக் கிடப்பது பல நேரம் தெரியவரும். தலைகீழாகத் திரும்பி மூக்கை நோக்கி நிற்பதும் உண்டு. ஒரே படத்தை வைத்து அது முன்பல்லுக்கு உதட்டுப் பக்கமா, அண்ணத்துப் பக்கமா என்று சொல்ல முடியாது. எக்ஸ்ரே குழாயைச் சற்றே பக்கவாட்டில் நகர்த்தி இன்னொரு படம் எடுக்க வேண்டும். குழாய் போன திசையிலேயே உபரிப் பல்லும் நகர்ந்தால் அது அண்ணத்துப் பக்கம் இருக்கிறது. காலத்தோடு அதை எடுத்து, போதிய இடமும் இருந்தால், நிறையக் குழந்தைகளுக்கு முன்பல் தானே இறங்கிவிடும். தாமதித்தால் ஈறைத் திறந்து, பல்லில் கொக்கி ஒட்டி, சங்கிலி கட்டி இழுக்க வேண்டி வரும். எதையும் மறிக்காமல் ஆழத்தில் கிடக்கும் உபரிப் பல்லை அவசரப்பட்டுத் தோண்டத் தேவையில்லை. அவ்வப்போது படம் எடுத்துக் கவனித்தால் போதும்.

பால் பல் இரண்டு ஒட்டியதுபோல் அகலமாக இருந்தால், அதை ஒன்றாகக் கணக்கிட்டு மற்றவற்றை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் பெரும்பாலும் இரண்டு பற்கள் இணைந்தவை; குறையாவிட்டால் ஒரே பல் பிளவுபட முயன்றது. இணைந்த பல்லுக்குக் கீழே நிலைப்பல் ஒன்று உருவாகாமலே போயிருக்கலாம்.

அதிகம் கவனிக்கப்படாதது, 10 முதல் 12 வயதில் முளைக்கும் கீழ் முன்கடைவாய்ப் பல்லின் (கோரைப்பல்லுக்கும் பெரிய கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே உள்ளது) மெல்லும் பரப்பில், நடுவே அரிசி முனைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு முகடு. பல சமயம் அதனுள் பல்கூழின் (பல்லுக்குள் நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள மென்மையான பகுதி) நுனி ஏறியிருக்கும். எதிர்ப்பல் மோதி முகடு ஒடிந்தால் கிருமி நேராக உள்ளே இறங்கிவிடும். துளிச் சொத்தைகூட இல்லாத பல்லில் சீழ் வைப்பது இப்படித்தான். வேர் முழுமையடையப் பல் முளைத்த பின்னும் ஏறக்குறைய 3 ஆண்டுகள் ஆகும். அதற்குள் கூழ் செத்தால் வேர் நுனி மூடாமல் நின்றுவிடும்; வழக்கமான ரூட் கேனல் சிகிச்சையும் அதற்குப் பொருந்தாது. ஆகவே முளைத்த உடனேயே முகட்டைச் சுற்றிலும் கம்போசிட் என்னும் பல் நிற அடைப்புப் பொருளைப் பூசி அணைகொடுக்க வேண்டும். ஒரே அமர்வில் தேய்த்து எடுப்பது தவறு, கூழ் திறந்துகொள்ளும். ஒரு பக்கம் இருந்தால் மறுபக்கத்தையும் பாருங்கள்.

மேல் பக்கவாட்டு வெட்டுப்பல்லின் பின்புறம் ஆழமான குழி இருந்தாலும் இதே அவசரம்தான். குழியின் அடியில் எனாமல் மெலிந்தோ இல்லாமலோ இருக்கும். முளைத்ததும் அடைத்துவிட்டால் பல் பிழைக்கும்.

ஒன்றிரண்டு பற்கள் இல்லாமல் போவது அரிதல்ல. ஆனால் பல பற்கள் இல்லை, இருப்பவை ஊசிபோல் கூர்மை, தலைமுடி மெலிவு, வியர்வையும் குறைவு என்றால் அது பரம்பரைக் கோளாறாக இருக்கலாம். சிந்துப் பகுதிக் குடும்பம் ஒன்றில் 4 தலைமுறைகளில் 10 ஆண்கள் இப்படி இருந்ததை டார்வினே பதிவு செய்திருக்கிறார். மகள்கள் பாதிக்கப்படாமல் தம் மகன்களுக்குக் கடத்தினார்கள். இத்தகைய குழந்தைக்கு உடல் சூடு தணியாது. வெயில் காலத்தில் ஈரத்துணியும் நிழலும் பல்லைவிட அவசரம். பல்லுக்கு, 3 வயதை ஒட்டியே சிறு பல்செட் பொருத்தலாம். தாடை வளர வளர அதை மாற்றிக்கொண்டே வர வேண்டும்.

– குழந்தைப் பல் மருத்துவர், தஞ்சாவூர்