இரண்டு கட்டையும் இரண்டரைக் கட்டையும்

மாப்ளே,

உன் கடிதம் வந்து ரெண்டு மாசம் ஆச்சு. சாக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை, திட்டிக்கொள். இங்கே எல்லாரும் நலம்.

ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'ஸோ வாட்' இசைத்தட்டோடு சேர்ந்து வாசித்தால் கீபோர்டு ஒட்டவில்லை என்று எழுதியிருந்தாயே, முதலில் கீபோர்டைக் குறை சொல்வதை நிறுத்து. மைல்ஸ் டேவிஸ் குழு 'ஸோ வாட்'டை 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் பதிவு செய்தபோது டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி கிட்டத்தட்ட அரைக்கட்டையில் பாதி ஏறிவிடும். 1992-இல்தான் திருத்தினார்கள். உன்னிடம் இருப்பது பழைய எல்பி. அதோடு சேர்ந்து வாசித்தால் ஒட்டவே ஒட்டாது.

அடுத்து, "ஒன்பது நிமிஷமா ஒண்ணுமே நடக்கலை" என்று எழுதியிருக்கிறாயே, அடப்பாவி! ஒரு சுற்று 32 பார், அதாவது 32 தாள அளவு. முதல் 16 டி டோரியன் (டி-யில் தொடங்கும் டோரியன் என்ற மேற்கத்திய ஸ்வர வரிசை), அடுத்த 8 ஈ ஃப்ளாட் டோரியன், கடைசி 8 மறுபடி டி. டோரியனின் ஸ்வரங்கள் கரகரப்பிரியாவேதான், கமகம் மட்டும் கேட்காதே. இரண்டு கட்டையில் (அதுதான் டி) போகிற ராகத்தைத் தம்புராவோடு தூக்கி இரண்டரையில் (ஈ ஃப்ளாட்) எட்டு பார் வைத்திருந்து இறக்குகிறார்கள். அவ்வளவுதான் நடப்பது, ஆனால் அது நடக்கிறது.

நீ தொலைவது அந்த எட்டில் இல்லை, அதற்கப்புறம். சுற்றின் கடைசி 8-உம் அடுத்த சுற்றின் முதல் 16-உம் சேர்ந்து 24 பார் ஒரே டி. கார்ட் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு) மாறினால்தானே இடம் தெரியும்? தாளத்தில் நீ என்றைக்கும் கடன்காரன், அதனால் எட்டெட்டாக விரல் மடக்கு.

தொடக்கத்தில் பால் சேம்பர்ஸ் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தில் கேள்வி கேட்பார். முதல் எட்டில் பில் எவன்ஸின் பியானோ மட்டும் பதில் சொல்லும், பிறகு ஊதுகருவிகளும் சேர்ந்துகொள்ளும். பதில் ரெண்டே கார்ட். டி-யை ஸட்ஜமாக வைத்துக் கீழிருந்து மேலே வாசி: ரி ப ஸ ம த, அப்புறம் ஸ ம நி க ப. இரண்டிலும் அடுத்தடுத்த இடைவெளி ஸ–ம தூரம், உச்சியில் மட்டும் ஸ–அந்தர காந்தார தூரம். முதல் கார்டில் காந்தாரமே இல்லை, கவனித்தாயா? சோகமா இல்லையா என்று காட்டுவது காந்தாரம்தான், அதனால் இந்தக் கார்ட் அதைச் சொல்லவே சொல்லாது. அந்த வேலை சோலோ வாசிப்பவருக்கு.

தைவதத்தைக் காப்பாற்று. பழக்கதோஷத்தில் அரைக்கட்டை கீழே இருக்கிற சுத்த தைவதம் விழுந்தால் நடபைரவியாகி, சாதாரண மைனர் பாட்டு போலக் கேட்கும்.

இரண்டரைக்கு ஏறும்போது உன் சொந்தச் சரக்கை அப்படியே அரைக்கட்டை நகர்த்தி வாசிக்காதே, மனப்பாடம் அம்பலமாகிவிடும். இரண்டு சுருதிக்கும் பொதுவான ஸ்வரம் எஃப்-உம் சி-யும் மட்டுமே. பதினாறாவது பார் முடியும்போது எஃப்-ஐ நீட்டிப் பிடி. இங்கே காந்தாரமாக இருந்தது, கையை எடுக்காமலே அங்கே ரிஷபமாகிவிடும். சி-யில் நின்றால் நிஷாதம் தைவதமாகும். ஒரு வாரம் இதை மட்டும் செய். அப்புறம் எழுது, ரெண்டு மாசம் கழித்து இல்லை.

உன்
பழைய பாவி