212-க்கு முன்னால் 140

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' பாட்டைக் கிட்டாரில் வாசித்து நீ அனுப்பிய ஒலிப்பதிவை மூன்று முறை கேட்டேன். தொடக்கம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் பாட்டு வரிகள் வரும் இடத்தில் ஒவ்வொரு மீட்டும் முந்தையதைவிடக் கனத்து விழுவதையும், போகப்போகத் தாளம் பின்தங்குவதையும் கேட்டபோதே உன் முன்கை இறுகிவிட்டது என்று தெரிந்துகொண்டேன். கையில் எரிச்சல் எடுப்பதைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் பிறகுதான் படித்தேன்.

மெட்டாலிகா இசைக்குழு 1986-இல் வெளியிட்ட அந்தப் பாட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 212 அடி வேகத்தில் ஓடுகிறது. அடிக்கு இரண்டு மீட்டு என்றால் நிமிடத்துக்கு 424, நொடிக்கு ஏழு. பாட்டு வரிகளின் பின்னணியில் ஓடும் கிட்டார் வாசிப்பை, அந்தக் குழுவின் பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் மேலும் கீழுமாக மீட்டாமல் கீழ்நோக்கி மட்டுமே மீட்டுவதால்தான் அந்த முரட்டு ஓசை பிறக்கிறது. நான் ஆங்கிலத் தட்டச்சில் ஹையர் தேர்வு எழுதியபோது நிமிடத்துக்கு 45 சொற்கள் அடிக்க வேண்டும். சொல்லுக்கு ஐந்து தட்டு என்று வைத்தால் 225. அதையும் எட்டு விரல்களும் ஒரு கட்டைவிரலும் பங்கிட்டுக்கொண்டன. உனக்கோ இருப்பது ஒரே மணிக்கட்டு.

பழைய தட்டச்சுப்பொறியில் அவசரப்பட்டு, சீரில்லாமல் அடித்தால் இரண்டு எழுத்துக் கம்பிகள் மேலே போய் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். அவற்றை விரலால் பிரித்துவிட்டு மறுபடி தொடங்குவதற்குள் பக்கத்து இருக்கைப் பெண் அரைப் பக்கம் முடித்திருப்பாள். அதனால்தான் 'ஏஎஸ்டிஎஃப்ஜிஎஃப்' என்ற ஒற்றை வரியை நாள்கணக்கில் அடிக்க வைத்தார்கள். கிட்டாரில் எதுவும் சிக்கிக்கொள்ளாது என்பதே உன் கஷ்டம் என்று நினைக்கிறேன். தவறு உடனே தெரிவதில்லை.

சிரிக்காதே, நீ வீட்டில் விட்டுச்சென்ற கிட்டாரை நானும் எடுத்துப் பார்த்தேன். தந்தியை மீட்டும் சில்லான பிக்கின் முனை தந்திக்குக் கீழே அதிகம் இறங்கினால் ஒவ்வொரு முறையும் அதை இழுத்து வெளியே எடுக்க வேண்டியிருக்கிறது. நுனி மட்டும் உரசும்படி பிடித்தால் கை பாதி தூரம்தான் நகர்கிறது. உள்ளங்கையின் ஓரத்தை, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜை ஒட்டித் தந்தியின்மேல் சும்மா வைத்தாலே பாம் மியூட் என்கிற அடக்கிய ஓசை கிடைக்கிறது, அழுத்தினால் மணிக்கட்டு பூட்டிக்கொள்கிறது. ஆகவே தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை 140-க்கு இறக்கு. அரை நிமிடம் வாசித்துக் கையை உதறிக்கொள். தோள் தளர்வாக இருந்தால் மட்டும் நான்கு அடி கூட்டு. ஓய்வெடுத்ததும் தணியும் எரிச்சல் பெரும்பாலும் களைப்புதான். இரவிலும் விரல்கள் மரத்துப்போனால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போ.

நீ தடுமாறும் அந்தக் குறுகிய நான்காம் தாள அளவை (bar) 5/8, அதாவது ஐந்து அரை அடி, என்று எழுதுவது வழக்கம். கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, மற்ற அளவுகளை எண்ணிக்கொண்டே வந்து அங்கே 'தக தகிட' என்று வாயால் சொல்லிப் பார். நடுவில் வரும் மெதுவான பகுதியையும் விட்டுவிடாதே. எனக்குப் பிடித்ததே அதுதான். அதன் தனி வாசிப்பும் ஹெட்ஃபீல்டுடையது என்று அறிந்தபோது, இவ்வளவு மென்மையும் அந்தக் கையில்தான் இருக்கிறதா என்று வியந்தேன்.

நான் இன்னும் 96-ஐத் தாண்டவில்லை. இங்குள்ள ஆறாம் தந்தி துருப்பிடித்துப்போயிற்று. பொங்கலுக்கு வரும்போது ஒரு தந்திக் கட்டு வாங்கி வா.

அன்புடன்,
அம்மா