ரஜௌரிச் செய்தியைத் திருத்திச் சொல்லுங்கள்: தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர் மாவட்டம்
ஜூன் 2025

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் உங்களில் ஒரு நிறுவனம், மே மாதத்தில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே நடந்த நான்கு நாள் மோதலைப் பற்றி ஒரு சிறப்புத் தொகுப்பை ஒளிபரப்பியது. மே 8 இரவு தன் செய்தி அரங்கில் நடந்தவற்றை, பின்னணியில் சைரன் ஒலிக்க, தன் சாதனையாக அது எடுத்துக்காட்டியது. அன்றிரவு அதே திரையில் ஓடிய, ஜம்மு காஷ்மீரின் ரஜௌரியில் ராணுவத்தின் மீது தாக்குதல் என்ற செய்தி பொய்யென்று அரசே மறுத்ததை மட்டும் அந்தத் தொகுப்பு எங்கும் சொல்லவில்லை. ஒரு மாதமாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டு வந்த இந்த மடலை அதன் பிறகே எழுத உட்கார்ந்தேன்.

நான் தரைப்படையில் இருபத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி ஹவில்தாராக ஓய்வுபெற்றவன். எங்கள் மாவட்டத்துக் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே ஒரு பெயர் உண்டு. எங்கள் ஊர் அவ்வளவு பேர்பெற்றதில்லை. ஆனாலும் எங்கள் தெருவில் மட்டும் நான்கு வீட்டுப் பிள்ளைகள் சீருடையில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் என் மகன்.

ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டதும், மே 7 அதிகாலை 1.05 முதல் 1.30 மணிக்குள் ஒன்பது இடங்களை நம் படைகள் தாக்கியதும் நீங்கள் நன்கறிந்தவை. அன்று காலை வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரியும், கர்னல் சோஃபியா குரேஷியும், விங் கமாண்டர் வியோமிகா சிங்கும் செய்தியாளர்களிடம் பேசியதை நாங்கள் குடும்பமாக உட்கார்ந்து பார்த்தோம். எந்த இடம், எத்தனை மணி, எதற்காக என்று அளந்து பேசினார்கள். சொல்லக்கூடியதைச் சொல்லி, சொல்லக்கூடாததை விட்டார்கள். ஒரு படைவீரனின் வீட்டுக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

அன்று மாலை மகன் பேசினான். சில நாட்கள் பேச முடியாது, பதற வேண்டாம் என்றான். நான் என் மனைவியிடமும் மருமகளிடமும் சொன்னேன்: கைப்பேசி அணைந்திருந்தால் பிள்ளை கட்டளைக்குக் கீழ்ப்படிந்து நடக்கிறான் என்று பொருள், அதுதான் அவனுக்குப் பாதுகாப்பு. இருவரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். அவன் எந்த முகாமில் இருந்தான் என்பதை இங்கே எழுத மாட்டேன். ரஜௌரிப் பக்கம் என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியும். இப்போது அவன் அங்கே இல்லை என்பதால் அதை மட்டும் எழுதுகிறேன்.

மறுநாள் இரவு, சிவந்த திரையில் பெரிய எழுத்துகளில், ரஜௌரியில் ராணுவ பிரிகேடு ஒன்றின் மீது தற்கொலைப்படைத் தாக்குதல் என்று போட்டீர்கள். யார் சொன்னது, எப்போது நடந்தது, உறுதிசெய்யப்பட்டதா என்ற எதுவும் அதில் இல்லை. உடனே சைரன் ஒலி. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த பேரப்பிள்ளை அலறி எழுந்தது. மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து திரையைப் பார்த்தவள், அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். சம்பந்தி வீட்டிலிருந்து அழைப்பு வந்தது, சென்னையிலிருந்து வந்தது, நான் எடுக்கவில்லை. சற்று நேரத்தில் அக்கம்பக்கத்தார் வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்தார்கள். எங்கள் ஊரில் எந்த வீட்டுத் திண்ணையில் அப்படி உட்காருவார்கள் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என் மகன் உயிரோடு இருக்கும்போது என் வீட்டு வாசலில் அது நடந்தது.

அப்படி ஒரு தாக்குதல் எந்த ராணுவ முகாமிலும் நடக்கவில்லை என்று அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் மறுத்துவிட்டது. அந்த மறுப்பு உங்கள் திரை வழியாக என்னை வந்து அடையவில்லை. என்னோடு பணியாற்றிய நண்பர் ஒருவர் நள்ளிரவுக்குப் பிறகு வாட்ஸ்அப்பில் அனுப்பியதைத்தான் நான் திண்ணையில் இருந்தவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அதற்குள் நீங்கள் ரஜௌரியை விட்டு, பாகிஸ்தானின் கராச்சி பற்றிய செய்திக்குப் போயிருந்தீர்கள்.

ஆகவே என் கோரிக்கையை இங்கேயே வைத்துவிடுகிறேன். போர்க்காலத்தில் படைத்துறையோ அரசோ உறுதிசெய்யாத களச் செய்தியை உண்மையென்று ஒளிபரப்பாதீர்கள். ஒளிபரப்பியது தவறென்று தெரிந்தால், அதே திரையில், அதே நேரத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் சொல்லுங்கள். ரஜௌரிச் செய்தியிலிருந்து அதைத் தொடங்குங்கள்.

இது நான் புதிதாகக் கேட்பதன்று. பாதுகாப்பு நடவடிக்கைகளை நேரலையில் காட்ட வேண்டாம் என்று ஏப்ரல் 26 அன்றே தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் உங்களுக்கு எழுதியது. கார்கில் போரிலும், மும்பைத் தாக்குதலிலும், காந்தஹார் விமானக் கடத்தலிலும் கட்டுப்பாடற்ற ஒளிபரப்பால் நேர்ந்த தீங்கை அது நினைவூட்டியது. பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கை நடக்கும்போது, அதற்கென அமர்த்தப்பட்ட அதிகாரி அவ்வப்போது தரும் தகவலோடு நிற்க வேண்டும் என்பது கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 6(1)(p) என்ற பிரிவாகவே இருக்கிறது. மே 10 அன்று, நிகழ்ச்சிகளில் வான்தாக்குதல் சைரனைப் பயன்படுத்தாதீர்கள், மக்களுக்கு அது பழகிப்போனால் உண்மையான தாக்குதலின்போது அசட்டையாக இருந்துவிடுவார்கள் என்று குடிமைப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் கேட்டுக்கொண்டது. ஜம்முவில் இருந்தவர்களுக்கு அந்த ஒலி கேட்டால் விளக்கணைத்து ஒதுங்க வேண்டும் என்று பொருள். ஒரு மாதம் கழித்தும் அதே ஒலியை உங்களில் ஒருவர் தம் தொகுப்புக்குப் பின்னணி இசையாக வைத்திருக்கிறார் என்பதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

1999இல் நான் கார்கில் பகுதியில் இருந்தேன். மகனுக்கு அப்போது இரண்டு வயது. 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவ அஞ்சல் முகவரிக்கு என் மனைவி எழுதிய இன்லண்டு கடிதங்கள் சில நேரம் மூன்றும் நான்கும் சேர்ந்தாற்போல் வந்து சேரும். என் பதில் அவளை அடைய எத்தனை நாட்கள் ஆயின என்று நான் கேட்டதில்லை. எங்கள் திருச்சியின் மேஜர் சரவணன் கார்கில் போரில் பட்டாலிக்கில் வீழ்ந்தது அந்த மே 29ஆம் நாள். அவர் உடலை மீட்டுக் கொண்டுவர ஒரு மாதத்துக்கும் மேலாயிற்று. அப்படிப்பட்ட நாட்களை என் மனைவி செய்தியே இல்லாமல் கடந்தாள். அந்தக் காத்திருப்பு எத்தகையது என்பது இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, இந்த மே மாதத்தில், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. செய்தி வராததை ஒரு சிப்பாயின் குடும்பம் தாங்கிக்கொள்ளும். அதற்குப் பழகியவர்கள் நாங்கள். பொய்ச் செய்தியைத் தாங்கிக்கொள்ள எங்களுக்கு எந்தப் பழக்கமும் இல்லை.

எங்கள் வீட்டுக்காவது மகன் திரும்பப் பேசினான். மே 7 அன்று ரஜௌரியை அடுத்த பூஞ்ச்சில் பாகிஸ்தான் குண்டுவீச்சில் பொதுமக்கள் பத்துப் பேருக்கும் மேல் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் மதரசா ஆசிரியர். அவரைத் தேசிய அளவிலான சில அலைவரிசைகள் பயங்கரவாதி என்று படத்தோடு காட்டின. பூஞ்ச் காவல்துறை அதை மறுத்து அறிக்கை விட வேண்டியிருந்தது. நாட்டின் எல்லையில், எதிரியின் குண்டுக்குப் பலியானவரின் பிள்ளைகள், தங்கள் தந்தை எதிரி அல்லர் என்று நிறுவ வேண்டிய நிலைக்கு ஆளானார்கள். இதைக் காட்டிலும் கொடியதை அந்த நான்கு நாட்களில் எந்தச் செய்தி நிறுவனமும் செய்ததாக நான் நினைக்கவில்லை. தமிழில் அது நடக்கவில்லை என்று நீங்கள் சொல்லலாம். வடக்கிலிருந்து வரும் காட்சியைச் சரிபாராமல் எடுத்துத் தமிழில் எழுத்துப் போடும் வழக்கம் தொடரும் வரை, அடுத்த முறை நடக்காது என்று யார் உறுதி சொல்வது?

உண்மைச் செய்திக்கு அந்த நாட்களில் பஞ்சமும் இல்லை. மே 8 இரவு லடாக்கின் லேயிலிருந்து குஜராத்தின் சர் க்ரீக் வரை 36 இடங்களில் 300 முதல் 400 டிரோன்களைப் பாகிஸ்தான் ஏவியதாகப் படைத்துறையே அறிவித்தது. ஆந்திரத்தைச் சேர்ந்த அக்னிவீரர் முரளி நாயக் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டருகே உயிர்நீத்தார். மே 10 காலை ரஜௌரி நகரில் கூடுதல் மாவட்ட வளர்ச்சி ஆணையர் ராஜ்குமார் தாப்பா தம் வீட்டிலேயே குண்டுக்குப் பலியானார். ரஜௌரியில் நிகழ்ந்த உண்மை அது. நடக்காத தாக்குதலுக்கு அன்று ஒதுக்கிய நேரத்தில் கால் பங்கையாவது நடந்த இந்தச் சாவுக்கு ஒதுக்கினீர்களா? நான் பார்த்த வரையில் இல்லை. கராச்சித் துறைமுகம் எரிகிறது என்று திரும்பத் திரும்பக் காட்டினீர்கள். ஆணை வந்தால் கராச்சி உள்ளிட்ட இலக்குகளைத் தாக்க ஆயத்தமாக நின்றோம் என்றுதான் மே 11 அன்று கடற்படையின் வைஸ் அட்மிரல் பிரமோத் சொன்னார். தாக்கியதாக நீங்கள் காட்டிய படையே, தாக்க ஆயத்தமாக மட்டும் நின்றோம் என்று சொன்ன பிறகும் உங்களிடமிருந்து ஒரு வரி வருத்தமில்லை.

மே 31 அன்று சிங்கப்பூரில் முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் அனில் சௌகான், நம் தரப்பிலும் போர் விமானங்களை இழந்தோம் என்பதை ஒப்புக்கொண்டு, தவறைக் கண்டறிந்து திருத்திக்கொண்டதைப் பற்றிப் பேசினார். போரிட்டவர்கள் தங்கள் தவறைச் சொல்லத் தயங்கவில்லை. குளிரூட்டிய அரங்கில் இருந்தவர்களுக்கு அதில் என்ன தயக்கம்?

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அலுவலகங்களில் இரவெல்லாம் விழித்திருந்து வேலை செய்தவர்கள் மீது எனக்குக் காழ்ப்பு இல்லை. அவர்களில் பலர் என் மகன் வயதுப் பிள்ளைகள். போட்டி அலைவரிசை போட்டுவிட்டது, நாமும் போட வேண்டும் என்று அவர்களை நெருக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கே இம்மடல்.

மே 10 மாலை 5 மணி முதல் சண்டை நிறுத்தம் என்று அறிவிக்கப்பட்டது. மறுநாள் மாலை மகன் பேசினான். ஒரு நிமிடம்கூட இருக்காது. அத்தோடு எங்கள் வீட்டில் அது முடிந்தது. ஊரில் முடியவில்லை. போன வாரம்கூட ரேஷன் கடை வரிசையில் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, ரஜௌரியில் அன்றிரவு மொத்தம் எத்தனை பிள்ளைகள் போனார்கள் என்று தணிந்த குரலில் கேட்டார். யாரும் போகவில்லை, அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்றேன். டி.வி.யில் காட்டினார்களே என்றார். அவர் என்னை நம்பவில்லை.

அவருக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். உறுதிசெய்யாததை இனி ஒளிபரப்ப மாட்டோம் என்றும், மே 8 இரவு ரஜௌரி பற்றிச் சொன்னது தவறு என்றும், அதே இரவு நேரத்தில், அதே பெரிய எழுத்தில் அறிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர்