ஒன்பதாம் நிலை

தங்கச்சிமடம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. போனிலேயே பேசியிருக்கலாம். அந்தக் கம்பெனியில் பணம் கட்டலாமா என்று நீ நாலு பக்கம் எழுதியதற்கு நான் 'ம்ம்' கொட்டிவிட்டு வைத்தால் நன்றாக இருக்காது என்றுதான் பேனாவை எடுத்தேன். வீட்டில் எல்லோரும் சுகம். தடைக்காலம் ஆரம்பித்துவிட்டது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகெல்லாம் கரையில்தான். நம் வள்ளம் சின்னப் படகுதானே, அதற்குத் தடை இல்லை. ஆனால் இஞ்சினைப் பிரித்து மாட்டியதில் 40,000 ரூபாய் கடன், வட்டிக்கு.

'உனக்கென்ன, பூசை, செபமாலை என்று இருக்கிறவன், சபலம் தட்டாது' என்று எழுதியிருந்தாய். சிரிப்பு வந்தது. இந்தத் தவக்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், வலை கட்டிக்கொண்டு இருக்கிறேன். தெரிந்த ஆள் ஒருவன் வந்து பக்கத்தில் குந்தினான். கைலி மடிப்பிலிருந்து ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். கடல் அட்டை. அவித்துக் காயவைத்தது, கருகிய விறகுத் துண்டு மாதிரி, விரல் நீளம்கூட இல்லை. கனமே இல்லை. நாலு மூட்டை இருக்கிறது, ராத்திரியோடு ராத்திரியாக நடுக்கடலில் வேறு படகுக்கு மாற்றிவிட்டால் போதும், 30,000 ரூபாய் என்றான். எட்டு மணிக்குள் பதில் வேண்டுமாம்.

2001-லிருந்து அட்டை பிடிக்கத் தடை என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். புலியும் யானையும் இருக்கிற அதே பட்டியலில் அட்டையையும் சேர்த்துவிட்டார்கள். அக்கரையில், இலங்கையில், லைசென்ஸ் எடுத்தால் பிடிக்கலாம், அதனால்தான் இங்கிருந்து அங்கே கடத்துகிறார்கள். என் அப்பா காலத்தில் மூழ்கி எடுத்து கௌரவமாகப் பிழைத்த தொழில். 'நம்ம கடல், நம்ம அட்டை, எவன் என்ன கேட்கிறது' என்று எனக்குள்ளேயே ஒருவன் வக்கீல் மாதிரி பேச ஆரம்பித்துவிட்டான். உண்மையைச் சொன்னால், ஆகட்டும் என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். அதற்குள் கோயில் மணி அடித்தது. அன்றைக்குச் சிலுவைப்பாதை நடத்துவது எங்கள் அன்பியத்தின், அதாவது எங்கள் பகுதிக் குடும்பங்களின் செபக்குழுவின் முறை, புத்தகம் வாசிக்க வேண்டியவன் நான். 'வந்து சொல்கிறேன்' என்று எழுந்துவிட்டேன்.

நீயும் நானும் பீடச் சிறுவர்களாக மெழுகுதிரி பிடித்துக்கொண்டு, இயேசு சிலுவை சுமந்த பாதையின் பதினான்கு நிலையும் சுற்றிய கோயில்தான். இயேசு மூன்று முறை விழுகிறார் அல்லவா, மூன்றாம் நிலையில், ஏழாம் நிலையில், ஒன்பதாம் நிலையில். எத்தனை வருடம் வாசித்திருப்பேன்! ஒன்பதாம் நிலை முடிந்து பரலோக மந்திரம் சொல்லும்போது, 'எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்' என்ற இடத்தில் தொண்டை அடைத்துவிட்டது. பின்னால் நின்ற கிழவி, நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து அடியெடுத்துக் கொடுத்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எட்டு மணிக்கு வள்ளத்தைத் தள்ளப் போகிறவன், ஏழு மணிக்கு இதைச் சொல்லிக்கொண்டு நிற்கிறேனே என்று.

வானத்திலிருந்து குரல் எதுவும் வரவில்லை, மாப்பிள்ளை. ஒரு மணி நேரம் கிடைத்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை எனக்கு வைத்துப்போனது யார்? இத்தனை வருடப் பழக்கம். பாலைநிலத்தில் சாத்தான் கேட்டதற்கெல்லாம் நம் ஆண்டவர் புதிதாக யோசித்தா பதில் சொன்னார்? நாற்பது நாள் பட்டினி, யோசிக்கத் தெம்பு ஏது! மூன்று பதிலும் பைபிளில் பழைய ஏற்பாட்டு இணைச்சட்ட நூலில் இருப்பவை, முன்பே நெஞ்சில் கிடந்தவை. கச்சான் காற்று எழும்பின பிறகா நாம் கயிறு தேடுவோம்? அப்புறம் பார், சாத்தான் முதலில் காட்டியது பாவத்தையே அல்ல, அப்பத்தைத்தான். பசித்தவனுக்கு அப்பம் நியாயமான ஆசை. எனக்கும் அப்படித்தான், வட்டி கட்டுவது நியாயம்தானே.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். 'சரி, பிடிபட்டால் பிள்ளைகளிடம் என்ன சொல்ல வேண்டும், அதையும் எழுதிவைத்துவிட்டுப் போங்கள்' என்று சொல்லிவிட்டு மீன் ஆயப் போய்விட்டாள். அட்டைக்காரனுக்கு முடியாது என்று போன் செய்தேன். மறுநாளிலிருந்து அவன் உட்காருகிற டீக்கடைப் பக்கமே போவதில்லை, சுற்றித்தான் போகிறேன். பைபிளில் எஜமானின் மனைவி பிடித்து இழுத்தபோது யோசேப்பு அங்கியை விட்டுவிட்டு ஓடினானே, நின்று வாதாடவில்லையே. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சுற்றித்தான் போகிறேன்.

கோயிலுக்கு வருகிறவனெல்லாம் யோக்கியன் என்று நான் சொல்லவே மாட்டேன். மூட்டை ஏற்றிவிட்டு முதல் பெஞ்சில் உட்காருகிறவனை எனக்குத் தெரியும். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுகிற பாவசங்கீர்த்தனத்தையும் வலை அலசுவது போல நினைக்கிறவர்கள் உண்டு. நானும் பெரிய ஆளில்லை, அன்றைக்கு வெள்ளிக்கிழமையாக இல்லாவிட்டால் போயிருப்பேன்.

ஓரியூர் ஞாபகம் இருக்கிறதா? உன் அம்மா செம்மண்ணைப் பொட்டலம் கட்டி உன் சட்டைப்பையில் வைத்தாரே. அந்தக் கோயிலின் புனிதர் அருளானந்தர், போர்த்துகல் நாட்டு லிஸ்பனில் இளவரசன் பெத்ருவோடு சேர்ந்து வளர்ந்தவர். அந்த இளவரசன் ராஜாவான பிறகு, இங்கேயே இரும் என்று கேட்டும் மறவர் சீமைக்கே திரும்பி வந்தார். 1693-இல் ஓரியூரில் தலையை வெட்டினார்கள். சின்ன வயதில் நான் அவர் செத்த கதையை மட்டும்தான் கேட்டேன். இப்போது நினைத்துப் பார்த்தால், அரண்மனைச் சோற்றை வேண்டாம் என்றுவிட்டுக் கப்பல் ஏறினாரே, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். லட்சம் கட்டினால் மாதம் பத்தாயிரம் தருகிற கம்பெனி, நாளைக்குள் கட்டினால்தான் இடம் என்கிறானாம். என்னிடம் எட்டு மணி என்றான், உன்னிடம் நாளை என்கிறான். பனியன் கம்பெனியில் இருபது வருடம் கண் எரிய உட்கார்ந்து சேர்த்த பணம். தங்கச்சியிடம் சொன்னாயா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. திருப்பூர் வந்த பிறகு பூசைக்குப் போவதை விட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். திட்டவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வா, கட்டுவதா வேண்டாமா என்பதை அப்புறம் யோசி.

நீ கேட்ட மல்லிகை நாற்று ஐம்பது எடுத்துவைத்திருக்கிறேன். வெயில் தாழ்ந்ததும் பஸ்ஸில் போட்டுவிடுகிறேன், வேர்ப்பக்கம் சாக்கை ஈரமாகவே வைத்திரு. பணம் கட்டிவிட்டாயா இல்லையா என்பதை மட்டும் கடிதம் போட்டுக்கொண்டிருக்காமல் போனிலேயே சொல்.

உன்,
மாப்பிள்ளை