படத்தில் கலக்கியைக் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் எண்ணெயைக் கெட்டியாக்கும் முறை பற்றி வந்த கட்டுரையைப் பேத்தி எனக்கு வாசித்துக் காட்டினாள். சூடான எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்தி நிக்கல் தூளைப் போட்டால் எண்ணெய் கெட்டியாகும், தூள் கூடினால் வேகமும் கூடும் என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். பினாங்கின் பிறை ஊரில் ஓர் ஆலையில் இருபத்தேழு வருடம் நான் அந்த ஒரு வரிக்குள்தான் குடியிருந்தேன். உங்கள் படத்தில் டேங்க் இருக்கிறது, கேஸ் குழாய் இருக்கிறது, தூள்கூடக் குவியலாக இருக்கிறது. தகடுகள் சுழன்று எண்ணெயைக் கலக்குமே, அந்தக் கலக்கியை மட்டும் காணோம்.

முதலில் அந்தத் தூள். காய்ந்த நிக்கல் காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும். அதனால் கெட்டிக் கொழுப்பில் பொதிந்து, கறுப்புச் சில்லுகளாகத்தான் மூட்டையில் வரும். சூடான எண்ணெயில் விழுந்ததும் கொழுப்பு உருகி, தூள் பிரிந்து எண்ணெயில் பரவும். ஹைட்ரஜன் அந்தத் தூளைப் போய்ச் சேர வேண்டும். குமிழியை விட்டு எண்ணெய்க்குள் இறங்கி, எண்ணெயைக் கடந்து, தூளின் மேல் போய் ஒட்ட வேண்டும். எண்ணெயில் ஹைட்ரஜன் கரைவதோ மிகக் கொஞ்சம். குமிழியிலிருந்து இறங்குகிற அந்த முதல் படியில்தான் பெரும்பாலும் நெரிசல். அங்கே உதவுவது கலக்கி. ஒரே அளவு கேஸைப் பாதி விட்டமுள்ள குமிழிகளாக உடைத்தால், எண்ணெயைத் தொடும் பரப்பு இரண்டு மடங்காகிவிடும்.

1994இல் ஒரு நைட் ஷிஃப்ட். வாசலில் லாரி காத்துக்கொண்டிருந்தது. சீக்கிரம் முடிக்க வேண்டுமென்று சூப்பர்வைசர் கேஸ் வால்வை நன்றாகத் திறந்துவிடச் சொன்னார். திறந்தேன். இந்த வேலையில் எண்ணெய் தானாகவே சூடேறும். சூடு ஏறினால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அன்று ஏறிக்கொண்டிருந்த தெர்மாமீட்டர் முள் அப்படியே நின்றுவிட்டது. சரி, நிக்கல் போதவில்லை என்று இன்னொரு மூட்டையைக் கொட்டினோம். அப்பவும் அசையவில்லை. தூளைக் கூட்டியும் வேகம் கூடவில்லை என்றால் குறை தூளில் இல்லை, கேஸ் எண்ணெய்க்குள் இறங்குவதில்தான் என்று எனக்கு அப்போது தெரியாது.

எங்கள் பழைய ஃபோர்மேன் பாக் ஹாஜி வந்தார். தெர்மாமீட்டர் பக்கமே போகவில்லை. கலக்கியின் ஆம்பியர் மீட்டரைப் பார்த்தார். எப்போதும் 42இல் நிற்கிற முள் 31இல் நின்றது. பிறகு டேங்க்கின் மேல் கை வைத்துச் சத்தத்தைக் கேட்டார். "குராங்கான் சிக்கிட்" என்றார், மலாயில் 'கொஞ்சம் குறை' என்று. நான் வால்வைக் குறைத்தேன். ஆம்பியர் முள் மெல்ல மேலே வந்தது, சத்தமும் கனத்தது. பத்தே நிமிஷத்தில் சூடு ஏற ஆரம்பித்தது. கேஸ் அளவுக்கு மிஞ்சினால் தகடுகளின் பின்னால் வாயு அடைந்துகொள்ளும். கலக்கி எண்ணெயைத் தள்ளாமல் வெறும் வாயுவில் சுற்றும். மோட்டாருக்குச் சுமை குறையும், ஆம்பியரும் இறங்கும். கேஸ் பெரிய பெரிய குமிழியாக கலக்கியின் நடுத்தண்டான ஷாஃப்ட்டை ஒட்டியே மேலே போய்விடும். நிக்கல் விலை தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு மூட்டையின் வலி புரியும்.

தூள் எப்போதும் நல்லதே செய்யும் என்றும் சொல்ல முடியாது. மிக நுண்ணிய கரித்தூள் கொஞ்சமாக இருந்தால் குமிழியின் ஓரத்தில் வாயுவை ஒட்டவைத்துத் திரவத்துக்குள் தூக்கிப்போகும். அதுவே அளவு மீறினால் கலவை கூழாகும், குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிடும். பகாங்கில் தங்கத் தாதுக் கூழைக் கலக்கும் டேங்க்கில் வேலை பார்த்த என் கூட்டாளி சொல்வான், சயனைடு தங்கத்தைக் கரைக்க ஆக்சிஜன் வேண்டும், ஆனால் அந்தச் சேற்றுக்குள் அதை இறக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும் என்று.

இன்னொன்று. மார்ஜரினுக்காகப் பாதி மட்டும் கெட்டியாக்கும்போது தூளின் மேல் ஹைட்ரஜன் போதாமல் போனால், இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு கூடும். நம் ஊர்ச் செம்பனை எண்ணெய் பாதி கெட்டியாகவே வருவதால் மார்ஜரினுக்கு அந்தப் பாடு வேண்டியதில்லை. எங்கள் சரக்கு முழுதாகக் கெட்டியாகி, ஸ்டியரிக் அமிலமாகிச் சோப்புக்கும் மெழுகுவத்திக்கும் டயர் ரப்பருக்கும் போனது. அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார், மகன் அந்த ரப்பருக்கு மருந்து காய்ச்சினேன்.

படத்தைத் திருத்திப் போடுவதானால் ஓவியரிடம் சொல்லுங்கள்: நடுவில் ஷாஃப்ட், அதில் ஒரு வட்டத் தட்டு, தட்டின் விளிம்பில் ஆறு தகடு, அதற்கு நேர் கீழே கேஸ் விட ஓட்டை போட்ட வளையக் குழாய். அப்புறம் சுவரோடு நான்கு தடுப்புப் பட்டைகள். அவை இல்லையென்றால் எண்ணெயும் கலக்கியோடு சேர்ந்தே சுற்றிக்கொண்டிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலை ஊழியர்,
பட்டர்வொர்த், பினாங்கு