பில்லில் உண்மையான பெயரை எழுதுங்கள்: கார் உதிரிபாக வணிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வணிகர்களுக்கு வணக்கம்.

தாம்பரத்தில் இருபத்தாறு ஆண்டுகளாகக் கார் பட்டறை நடத்துகிறேன். சென்னை ஜி.பி. ரோட்டில் தொடங்கி எங்கள் ஊர்க் கடைத்தெரு வரை உங்களில் பலரிடம் சரக்கு வாங்கியிருக்கிறேன். கையில் காசில்லாத நாட்களில் கடனுக்குக் கொடுத்து என்னைத் தூக்கிவிட்டவர்களும் உங்களில் உண்டு. அந்த நன்றியை மறக்காமல்தான் போலி உதிரிபாகங்களைப் பற்றி இதை எழுதுகிறேன்.

போன ஆடியில் ஒரு வாடகைக் கார் ஓட்டுநர் என்னிடம் வந்தார். எஞ்சின் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்டர் அடைத்துக்கொண்டு வண்டி இழுக்கவில்லை. நிறுவனத்து விலையைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. அடுத்த நாள் காலையில் ஒரு பெட்டியோடு வந்தார். பெட்டியின் மேல் கார் நிறுவனத்தின் பெயர். விலையோ நான்கில் ஒரு பங்கு. பில் எங்கே என்று கேட்டேன். பில் போட்டால் வரி சேரும் என்று கடையில் சொன்னார்களாம். எனக்குச் சந்தேகம் இருந்தது. இருந்தும் மாட்டிக் கொடுத்தேன். அது என் தவறு.

புகைப் பரிசோதனையில் வண்டி தேறியது. நான்காவது மாதம் எஞ்சின் விளக்கு எரியத் தொடங்கியது. ஸ்கேனரில் பி0420 என்ற எண் வந்தது. கன்வர்டர் தன் வேலையைச் செய்யவில்லை என்று அதற்குப் பொருள். அதற்குள் அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட வண்டி மறுத்தது. கழற்றி, கிரைண்டரால் உறையை வெட்டித் திறந்தேன். உள்ளே இருந்த பீங்கான் தேன்கூடு மூன்று துண்டாக உடைந்து, ஒரு துண்டு குறுக்கே திரும்பிப் புகையின் வழியை மறித்துக் கிடந்தது. தேன்கூட்டைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருக்க வேண்டிய விரிப்பு அரித்துத் தூளாகியிருந்தது. நல்ல கன்வர்டரில் அந்த விரிப்பு சூடேற ஏற உப்பி இறுகும். இதில் வைத்திருந்தது ஏதோ சாதாரணப் பஞ்சு.

உடைந்தது கூட அடுத்த விஷயம்தான். உடையாமல் இருந்தாலும் அது என்ன செய்திருக்கும்? அந்தத் தேன்கூட்டில் ஒரு சதுர அங்குலத்துக்கு 400 அறைகள் இருப்பது வழக்கம். ஒவ்வொரு அறையின் சுவரிலும் அலுமினா, சீரியம் பூச்சு. அந்தப் பூச்சுக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். எல்லாம் சேர்ந்து சில கிராம்தான். கன்வர்டரின் விலையில் பெரும்பகுதி அந்தச் சில கிராமில் இருக்கிறது. விலையை நான்கில் ஒன்றாக இறக்க வேண்டுமென்றால் போலி செய்கிறவன் கைவைக்கக்கூடிய இடமும் அதுதான். உறை பளபளக்கும், தேன்கூடு இருக்கும், உள்ளே உலோகம் பேருக்கு ஒட்டியிருக்கும். புதிதில் அந்தக் கொஞ்சமும் வேலை செய்யும். சூடு பட்டுப்பட்டு உலோக நுண்துகள்கள் ஒன்றோடொன்று திரண்டதும் நச்சை மாற்றும் வேதிவினை நடக்க இடமில்லாமல் போகிறது.

பரிசோதனையில் தேறியதே என்று நீங்கள் கேட்பீர்கள். நம் புகைப் பரிசோதனை நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டுப் பார்ப்பது. பெட்ரோல் கார் என்றால் கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பனும்தான் அளக்கப்படுகின்றன. பாரத் ஸ்டேஜ் 4 என்ற அரசின் புகைத் தரத்தில் வந்த வண்டிக்கு முதலாவதில் 0.3 சதவீதமும், இரண்டாவதில் 200 பிபிஎம்மும் (பத்து லட்சத்தில் 200 பங்கு) வரம்பு. நைட்ரஜன் ஆக்சைடுகளை யாரும் அளப்பதில்லை. அவற்றை உடைப்பது ரோடியத்தின் வேலை. போலியில் முதலில் காணாமல் போவதும் ரோடியம்தான். மாட்டிய முதல் வாரத்தில் எடுத்த சான்றிதழை வைத்து அந்தப் பாகத்தை நல்லதென்று சொல்ல முடியாது.

சிலர் இன்னும் ஒரு படி கீழே இறங்கியிருக்கிறார்கள். கன்வர்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைப் புகையிலிருந்து சற்றுத் தள்ளி வைக்க ஒரு குட்டிக் குழாயைப் பாகத்தோடு சேர்த்தே தருகிறார்கள். சென்சார் ஏமாந்துபோகும், விளக்கு எரியாது. காய்ச்சல் குறையாமல் தெர்மாமீட்டரை மட்டும் உடைக்கும் வேலை இது. அதைக் கையில் எடுத்துக் கொடுக்கும்போது என்ன கொடுக்கிறோம் என்று உங்களுக்குத் தெரியும்.

சைலன்சர் விஷயத்தில் வாங்குகிறவர்களுக்கு ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. உங்களில் சிலர் அதைப் பயன்படுத்திக்கொள்கிறீர்கள். காந்தம் ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் உயர்ந்த ஸ்டெயின்லெஸ் என்கிறார்கள். உண்மையில் கார் நிறுவனங்கள் சைலன்சருக்குப் பெரிதும் பயன்படுத்தும் 409 என்ற எஃகு ரகத்தில் சுமார் 11 சதவீதம் குரோமியம் இருக்கிறது. அதில் காந்தம் நன்றாக ஒட்டும். காந்தம் ஒட்டாத எஃகிலோ உயர்ந்த 304 ரகமும் உண்டு, நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிய மலிவான 200 வரிசை ரகங்களும் உண்டு. இரண்டாவதை முதலாவதன் பெயரில் விற்றால் எந்தக் காந்தமும் காட்டிக்கொடுக்காது. நம் கடற்கரைக் காற்றுதான் ஓரிரு மழைக்காலத்துக்குள் காட்டிக்கொடுக்கும்.

வெளியிலிருந்து மட்டும் துரு வருவதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பக்கத்துத் தெருக்கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் போய்வரும் கார்களில் சைலன்சர் முழுவதும் சூடாவதே இல்லை. அந்தத் தண்ணீர் சைலன்சரின் பின்பெட்டியில் தேங்கி உள்ளிருந்தே அரிக்கிறது. நல்ல சைலன்சரின் அடிப்பகுதியில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். போன மாதம் நான் கழற்றிய ஒன்றில் வெளி அச்சு, வளைவு, ஹேங்கர் கம்பி எல்லாம் அசலைப் பார்த்து அப்படியே செய்திருந்தார்கள். அந்தத் துளை மட்டும் இல்லை. தகட்டை அளந்தேன்: அசலில் 1.2 மில்லிமீட்டர், இதில் 0.8. மேலே வெள்ளி நிறப் பெயின்ட்.

ஃபிளெக்ஸ் பைப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எஞ்சின் ஆடும்போது குழாய் உடையாமல் வளைந்து கொடுக்கும் அந்தத் துண்டுக்குள் ஒன்றோடொன்று கோத்த உலோகச் சுருள் ஒன்று இருக்க வேண்டும். மலிவுச் சரக்கில் வெளிப்பின்னலும் மெல்லிய மடிப்புக் குழாயும்தான் இருக்கின்றன. அது சீக்கிரம் விரிசல் விடும். கன்வர்டருக்கு முன்னிருக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கும் முன்னால் விரிசல் விட்டால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, எரிபொருள் போதவில்லை என்று கணினி தவறாக நினைத்துக் கூடுதலாக ஊற்றும். மைலேஜ் விழும், கன்வர்டர் சூட்டில் வேகும். அது காசு நட்டம், பொறுத்துக்கொள்ளலாம். வண்டிக்கடியில் கசியும் புகை உள்ளே வந்தால்? கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஏசியை ஓடவிட்டு நிறுத்திய காருக்குள் தூங்குகிறவர்களை நீங்களும் தினமும் பார்க்கிறீர்கள். பின்னிருக்கைப் பிள்ளைகளுக்குக் காரில் ஏறினாலே தலைவலி என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். அந்த வண்டியைத் தூக்கிப் பார்த்தபோது விரிசலைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

விலை குறைந்த எல்லாவற்றையும் நான் குறை சொல்லவில்லை. பன்னிரண்டு வயதான காருக்கு அலுமினியம் பூசிய எஃகில் உள்ளூரில் செய்த சைலன்சரே போதும் என்று நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். தன் பெயரைப் பொறித்து, இன்ன எஃகு, இத்தனை மாத உத்தரவாதம் என்று சொல்லி விற்கும் சிறிய தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள்; அவர்களுடைய சரக்கு உழைக்கிறது. போலிகளால் அதிகம் அடிபடுவதும் அவர்கள்தான்.

நான் கேட்பது ஒன்றுதான். பில் கொடுங்கள், அதில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். செய்தவர் யார், எஃகு எந்த ரகம், கன்வர்டர் என்றால் பாரத் ஸ்டேஜ் 4-க்கா 6-க்கா, உத்தரவாதம் எவ்வளவு. கலிபோர்னியாவில் மாற்றுக் கன்வர்டரின் உறையிலேயே அரசு அனுமதி எண் பொறித்திருக்க வேண்டும். இங்கே வாடிக்கையாளருக்குக் கைகொடுப்பது உங்கள் பில்தான்.

வரியைக் காரணம் காட்டாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கிவிட்டது. பில் கொடுக்காமல் விற்பதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே வரையறுக்கிறது. செய்தவர் யாரென்று தெரியாத பொருளால் தீங்கு நேர்ந்தால் விற்றவரே பொறுப்பு என்றும் அதே சட்டம் சொல்கிறது. அடுத்தவர் பெயரைப் பொறித்த பெட்டியை விற்றால் 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டத்தில் குறைந்தது ஆறு மாதம் சிறை. இதையெல்லாம் உங்களை மிரட்ட எழுதவில்லை. கடை உங்கள் பெயரில் இருக்கிறது. போலி செய்தவன் எங்கோ இருக்கிறான்.

பழைய கன்வர்டரைப் பற்றி ஒரு வார்த்தை. அதைப் போட்டுவிட்டுப் போனால் விலையில் கொஞ்சம் தள்ளுபடி என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. 2021-இல் ரோடியத்தின் விலை தங்கத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் போனது. அடைத்துப்போன பழைய அசலுக்குள் இருக்கும் உலோகம், புதிதாகக் கொடுக்கும் போலியில் இருப்பதை விட அதிகம். அதை வாடிக்கையாளரிடம் சொல்லாமல் வாங்கிக்கொள்வது நியாயமில்லை. பட்டறைக்காரர்களான நாங்களும் இதைச் செய்கிறோம். எங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

இந்த மாதத்திலிருந்து பில் இல்லாத சைலன்சரையும் கன்வர்டரையும் என் பட்டறையில் மாட்டுவதில்லை. கழற்றிய பழைய பாகத்தை வாடிக்கையாளர் கையில் கொடுத்து, அதன் மதிப்பையும் சொல்லிவிடுகிறேன். வெட்டித் திறந்த அந்தக் கன்வர்டரையும், பக்கத்தில் ஒரு பழைய அசலைக் குறுக்கே வெட்டியும் வாசலில் தொங்கவிட்டிருக்கிறேன். தாம்பரம் பக்கம் வரும்போது வாருங்கள், இரண்டையும் கையில் எடுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளன்,
ஒரு கார் மெக்கானிக்,
தாம்பரம்.