ரிச்சர்ட் ரைட்டை முன்வைத்து ஒரு கடிதம்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகள் பியானோ வகுப்பில் சேர்ந்திருக்கிறாள் என்ற செய்தியையும், உனக்குப் பிடித்த ராக் பாடல்களின் பட்டியலையும் மகிழ்ச்சியோடு படித்தேன். ஜிமி ஹென்ட்ரிக்ஸ், ஜெஃப் பெக், ஜிம் மாரிசன் என்று மறைந்தவர்களாகவே தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவரைப் பற்றியும் அன்போடு எழுதியிருக்கிறாய். அவர்கள் அனைவரும் மேடையின் முன்வரிசையில் நின்றவர்கள். கீபோர்டுக்குப் பின்னால் அமர்ந்திருந்த ஒருவர்கூட அதில் இல்லையே என்ற வருத்தத்தில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

என் மனத்தில் முதலிடம் பிங்க் ஃபிளாய்டு ராக் குழுவில் கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட்டுக்கு. பிங்க் ஃபிளாய்டு என்றாலே நாம் டேவிட் கில்மோரின் கிட்டாரையும் ரோஜர் வாட்டர்ஸின் வரிகளையும் பற்றித்தான் விடிய விடியப் பேசியிருக்கிறோம். 1971இல் வெளிவந்த 'மெடில்' இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தை முழுமையாக எடுத்துக்கொள்ளும் 'எக்கோஸ்' எப்படித் தொடங்குகிறது என்று நினைத்துப் பார். பியானோவின் ஒற்றை ஸ்வரம், சுழலும் லெஸ்லி ஸ்பீக்கர் வழியாக அலைவுற்று, நீருக்கடியிலிருந்து வருவதுபோல் ஒலிக்கிறது. 23 நிமிடங்களுக்கு மேல் நீளும் அந்தப் பாடல் முழுவதும் ரைட் வைத்த அந்த ஒரு புள்ளியிலிருந்தே விரிகிறது.

1975இல் வந்த 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்' எனக்கு இன்னும் நெருக்கமானது. கில்மோரின் அந்தப் புகழ்பெற்ற நான்கு ஸ்வரங்கள் வருவதற்கு முன்பே, கச்சேரியில் தம்புரா செய்யும் வேலையை ரைட்டின் கீபோர்டுகள் அங்கே செய்துகொண்டிருக்கின்றன. மனநலம் குன்றிக் குழுவை விட்டு விலகிய சிட் பாரெட்டை நினைத்து எழுதப்பட்ட பாடல் அது. 2006இல்தான் பாரெட் இறந்தார். பாடலின் கடைசிப் பகுதி ரைட் தனியாக இயற்றியது. அது தேய்ந்து மறையும் தருவாயில், பாரெட் 1967இல் எழுதிய 'சீ எமிலி ப்ளே' பாடலின் மெட்டைச் சில நொடிகள் வாசித்துவிட்டுப் போகிறார். ஒரு சொல்லும் இல்லாமல் ஒரு நண்பனைப் பெயர் சொல்லி அழைத்த அந்த நொடிகளைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

இத்தனை செய்த மனிதரை, 1979இல் 'தி வால்' ஆல்பத்தின் பதிவு நடந்துகொண்டிருந்தபோது குழுவிலிருந்து வெளியேற்றினார்கள் என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. அதன்பின் நடந்த நிகழ்ச்சிகளில் அவர் சம்பளத்துக்கு வாசித்தார். 2005 ஜூலை 2ஆம் தேதி லண்டன் ஹைட் பார்க்கில் கில்மோர், வாட்டர்ஸ், ரைட், டிரம்ஸ் வாசித்த நிக் மேசன் ஆகிய நால்வரும் மீண்டும் ஒரே மேடையில் நின்றார்கள், அதுவே கடைசியாயிற்று. 2008 செப்டம்பர் 15 அன்று, 65 வயதில், ரைட் மறைந்தார். அடுத்த சில நாட்களிலேயே கில்மோர் தொலைக்காட்சியில் தோன்றி, ரைட் எழுதிப் பாடி 1968இல் வெளிவந்த 'ரிமெம்பர் எ டே'யைப் பாடினார். அதைவிடப் பொருத்தமான அஞ்சலியை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

மாரிசனை நீ குறிப்பிட்டதால் ரே மான்சரெக்கையும் சொல்லியாக வேண்டும். மாரிசன் பாடிய 'தி டோர்ஸ்' குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கத் தனியாக ஒருவர் இல்லாததால், மேடையில் இடக்கையால் பேஸையும் வலக்கையால் ஆர்கனையும் அவரே வாசித்தார். 'லைட் மை ஃபயர்' பாடலை வானொலிக்காகச் சுருக்கியபோது அவருடைய நீண்ட ஆர்கன் வாசிப்பையும் கிட்டார் வாசிப்பையும்தான் வெட்டினார்கள். ஆகவே ஆல்பத்தில் உள்ள முழு வடிவத்தையே கேள். அவர் 2013இல் காலமானார்.

உன் மகளுக்காக ஒரு பாடல் சொல்கிறேன். ஃப்ளீட்வுட் மாக் குழுவின் கிறிஸ்டின் மெக்வீ பாடிய 'சாங்பேர்ட்', 1977இல் வெளிவந்த 'ரூமர்ஸ்' ஆல்பத்தில் இருக்கிறது. ஸ்டுடியோவுக்குப் பதிலாக, பெர்க்லியில் ஆளில்லாத ஓர் அரங்கத்தில் பியானோவை வைத்து அதைப் பதிவு செய்தார்கள். அந்த வெற்று அரங்கத்தின் அமைதி பாடலுக்குள் கேட்கிறது. 2022 நவம்பரில் கிறிஸ்டின் இறந்த செய்தி வந்த அன்று நான் வேறு எதையும் கேட்கவில்லை. தொடக்க நிலையில் இருப்பவருக்கு அது எளிதல்ல என்றாலும், ஒரு பியானோவும் ஒரு குரலும் மட்டுமே போதும் என்பதை அவள் இப்போதே கேட்டறியட்டும்.

டீப் பர்ப்பிள் குழுவின் ஜான் லார்டை வேண்டுமென்றேதான் கடைசிக்கு வைத்தேன். ஹாமண்ட் என்ற மின் ஆர்கனை மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, கிட்டாருக்கு நிகராக உறும வைத்தவர் அவர். 2012இல் அவர் மறைந்தபோதுகூட, அந்தக் குழுவின் 'சைல்ட் இன் டைம்' பாடல் உனக்குப் பிடிக்காது என்றே சொன்னாய். அதன் முதல் இரண்டு நிமிடங்களை, இயன் கில்லனின் குரலை விட்டுவிட்டு ஆர்கனை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுவிட்டு, இன்னும் அதே கருத்துதானா என்று எனக்கு எழுது.

உன் அன்பு நண்பன்